அறுபதா, அறுநூத்தி அம்பதா?

போன ஞாயிறு பெங்களூர்ல நண்பரோட போர்ஷே 911 டர்போ எஸ் ஓட்டினேன். 650 குதிரைத்திறன், பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 2.7 விநாடி, விலை மூணு கோடிக்கு மேல. ஏர்போர்ட் ரோட்ல லேசா மிதிச்சேன், முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. உடனே பிரேக். அவ்ளோதான். அதுக்கு மேல மிதிக்க நம்ம ரோட்ல இடமில்லை.

வீட்டுக்கு வந்து என் பழைய சான் ஸ்டார்மை எடுத்தேன். இந்தியாவிலேயே செஞ்சு 1998-ல வந்த மாடல். ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, ஃபைபர் பாடி, 1.2 லிட்டர் ரெனோ எஞ்சின், வெறும் 60 குதிரைத்திறன். ரெண்டாவது கியர்ல எஞ்சினைக் கதற விட்டாலும் போலீஸ் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு மட்டும் ரேஸ்ல போற மாதிரி இருக்கும்.

"குழந்தையை எங்க உட்கார வைக்கிறது?"ன்னு வீட்டம்மா கேட்டதால விற்க விளம்பரம் கொடுத்திருந்தேன். ராத்திரியே அதைத் தூக்கிட்டேன். இன்னும் அவங்ககிட்ட சொல்லலை :-)