பிஞ்சு வாய்க்குப் பயறு

ஒன்றரை வயதுக் குழந்தையொன்று, தட்டில் வைத்த காராமணியை வாயிலிட்டு, நாக்கால் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துவிட்டு, உதட்டோரமாக முழுசாகத் துப்பிவிடுமானால், அதற்குப் பயறே ஆகாது என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவது வழக்கம். பிள்ளைகளுக்கென்று தனியே சட்டி வைத்துப் பல காலம் சமைத்து வந்தவள் என்ற முறையில், அந்த முடிவை நான் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தை அநேகமாகத் துப்புவது பயறின் தோலையும், நடுவில் வேகாமல் நின்றுவிட்ட மாவையுந்தான். கடைவாய்ப் பற்கள் முளைத்து முடியாத அந்த வாய் செய்ய முடியாத அரைப்பு வேலையைச் சமைப்பவர்களே முன்கூட்டிச் செய்து கொடுத்துவிட வேண்டும். பயறு சமைப்பதில் மற்ற பக்குவங்கள் யாவும் இதற்கு அடுத்தபடிதான்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறில் தாராளமாகவும், பயறில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் போதிய அளவிலும் இருப்பதால், சோறும் பயறும் சேரும்போதுதான் வளரும் உடம்புக்கு வேண்டிய புரதம் நிறைவாகக் கிடைக்கிறது. குழைந்த சோற்றில் ரசத்தை மட்டும் விட்டுப் பிசைந்து ஊட்டிவிட்டு, பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று திருப்திப்படுவது எனக்குச் சம்மதமில்லை.

பயறு மெத்தென்று வேகாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் அடுப்புக்கு வெளியிலேயே இருக்கின்றன. டப்பாவில் நாள்பட்டுக் கிடந்த பயறு எத்தனை விசில் வைத்தாலும் மசியாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் வேகவைத்தால் தோல் விறைத்துக்கொள்ளும். புளியையோ தக்காளியையோ முன்னதாகச் சேர்த்துவிட்டால், அந்தப் புளிப்பே பயறை இறுகச் செய்துவிடும். அவசரத்துக்கு ஆப்பச்சோடா போடும் பழக்கம் பலரிடம் உண்டு. பயறு குழையுமென்பது மெய்யே ஆயினும், அதிலுள்ள தயமின் என்னும் பி வைட்டமின் அழிந்துபோவதால், குழந்தையின் சட்டியில் அதற்கு நான் இடம் கொடுப்பதில்லை. ராத்திரி முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தாலே போதும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பங்கு ஊறிய நீரோடு போய்விடும்.

மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை சந்தைக்கு வந்துவிட்டால், எங்கள் தருமபுரிப் பக்கத்து வீடுகளில் பிதுக்குப் பருப்பு வைக்காத வாரம் இராது. காயை உரித்தெடுத்த கொட்டைகளை இரவில் தண்ணீரில் போட்டு வைத்து, விடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினால், பச்சை நிறப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும். விரலிடுக்கில் வெள்ளைத் தோல் மட்டும் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலைதான் எனினும், கொட்டையின் கண் இருக்கும் பக்கத்தில் அழுத்தினால் பருப்பு நசுங்கிப்போகும். எதிர்ப்பக்கத்தில் அழுத்த வேண்டும். வீட்டில் உள்ளோர் அனைவரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தால், ஒருபடி மொச்சையும் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். அந்தப் பருப்பைத் திறந்த பாத்திரத்திலேயே, சிறிது மஞ்சள்தூளும் ஒரு பல் பூண்டும் சேர்த்து, நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைத்தால் வெண்ணெய் போலக் குழைந்துவிடும். தேங்காயும் சீரகமும் மைய அரைத்துச் சேர்த்து, இன்னுமொரு கொதி வந்ததும் இறக்கி, உருக்கிய நெய் அரை ஸ்பூன் விட்டுப் பிசைந்து கொடுத்தால், காராமணியைத் துப்பிய அதே குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதைக் காணலாம். மொச்சைக் காலம் முடிந்த பிறகு, உலர்ந்த மொச்சையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தும் இவ்வாறே தோல் நீக்கலாம். வாசனை சற்றுக் குறையும், சத்துக்குக் குறைவில்லை.

வெந்துவிட்டதா என்பதைக் குக்கரின் விசிலைக் கேட்டுத் தீர்மானிப்பதை நான் ஏற்பதில்லை. சட்டியின் அடியிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று என மூன்று பயறுகளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, மூன்றுமே பிசிறின்றி மாவானால்தான் பக்குவம்; ஒன்று நொறுங்கினாலும் சட்டி மறுபடியும் அடுப்பேற வேண்டும். கொண்டைக்கடலையை எத்தனை நன்றாக வேகவைத்தாலும், நான்கு வயது நிரம்பும் வரை முழுசாகக் கொடுக்கலாகாது. உருண்டையாகவும் வழுக்கலாகவும் உள்ள பதார்த்தம் மூச்சுக்குழலை அடைத்துக்கொள்ளக்கூடியது. கோயில் சுண்டலானாலும் மசித்தே ஊட்டுங்கள். இக்காலத்தில் வீடுதோறும் வந்துவிட்ட ராஜ்மாவுக்கு இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் பொருள், தளதளவென்று கொதிக்கும் நீரில் அரைமணி வெந்தால்தான் அடங்கும்; மந்தமான சூட்டில் அரைவேக்காடாக நின்றுவிட்டால் வாந்தியும் பேதியும் நிச்சயம்.

பீன்ஸ், அவரைக்காய் இவற்றுக்கு இருபுறமும் நார் எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு சேர்த்துக் குழைய வேகவைப்பதைத் தவிர வேறு வித்தை கிடையாது.

குழந்தைக்கென்று வேறொரு சமையல் செய்ய வேண்டுமென்று பல தாய்மார்கள் மலைக்கிறார்கள்; அவசியமே இல்லை. பெரியவர்களுக்குச் செய்யும் கூட்டிலேயே உப்பும் மிளகாயும் சேருமுன் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டால் குழந்தையின் பங்கு ஆயிற்று. ஒரு வயது நிறையும் வரை அதில் உப்பே வேண்டாம், பிறகும் பெயருக்குத்தான். பெருங்காயத்தையோ சுக்குத்தூளையோ ஒரு சிட்டிகை சேர்ப்பது ஜீரணத்துக்கு நல்லது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழக்கிவிட்டார்கள், நானும் விடவில்லை. ஊட்டுவதற்குச் சற்று முன்பாக எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டுப் பிழிந்து கலந்துகொள்ளுங்கள். பயறிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்வதற்கு அந்தப் புளிப்பிலுள்ள சி வைட்டமின் துணை செய்கிறது. வேகும்போதே பிழிந்தால் அதில் பாதி வீணாகும். இத்தனைக்குப் பிறகும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், வற்புறுத்தாமலும், வெல்லத்தை அள்ளிப்போட்டு ஏமாற்றாமலும், நாலு நாள் கழித்து அதே பதார்த்தத்தை ஒரு ஸ்பூன் அளவில் மறுபடி வையுங்கள். மிஞ்சிய மசியலை அன்று மாலையே அடை மாவில் கலந்து வார்த்துவிடலாம்.