திரை பிடிக்கிறவர்

செய்யாறில் இறங்கி, மினி பஸ் மாறி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது. திரௌபதி அம்மன் கோயில் திடலில் ஜனம் பாய் விரித்து இடம்பிடித்துக்கொண்டிருந்தது. வைகாசி மாசத்துப் பாரதக் கூத்து. அன்றைக்கு கர்ண மோட்சம். நான் முன்பக்கம் போகவில்லை. வேஷம் கட்டுகிற கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

ஒரே ஒரு பல்பு. தகரப் பெட்டிகள். தேங்காய் எண்ணெயில் குழைத்த முத்துவெள்ளையும் அரிதாரமும் கலந்த ஒரு வாசனை. கைக்கண்ணாடியைப் பார்த்து ஆளாளுக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் குந்தியிருந்த பெரியவர், உடைந்துபோன புஜக்கட்டையில் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்து உக்காருங்க சார், கட்டை மேல கால் பட்டுடப் போவுது."

எழுபதைத் தொடுகிற வயது. பன்னிரண்டில் சேர்ந்தவர். பெண் வேஷம், அப்புறம் அபிமன்யு, அப்புறம் இருபது வருஷம் துரியோதனன். முட்டி போய்விட்டது. இப்போது மற்றவர்களுக்குக் கட்டிவிடுகிறார், திரை பிடிக்கிறார், பின்பாட்டும் பாடுகிறார்.

கிரீடத்தை என் கையில் கொடுத்தார். கல்யாண முருங்கை மரம். தக்கை மாதிரி இருந்தது. தலையில் வைத்தார். கொஞ்ச நேரத்திலேயே கழுத்து கேள்வி கேட்டது. விடியவிடிய இதோடு சுற்றி ஆட வேண்டும்.

கர்ணன் கையைத் தூக்கி நிற்க, இடுப்பில் முடிச்சுப் போட்டபடியே சொன்னார்: "இறுக்கிட்டா மூச்சு வாங்கும், பாட்டு வராது. தளர்ந்துச்சின்னா கிறுக்கி சுத்தும்போது எல்லாம் கயண்டுக்கும்."

கூத்தைப் பற்றி நகரத்தில் பேசினால் புரிசை கண்ணப்ப தம்பிரானில்தான் தொடங்குவோம். புரிசையும் இதே வட்டாரம்தான். அவருடைய கலையில் மனசைப் பறிகொடுத்தவர், 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி. இதையெல்லாம் நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். திரை பிடிக்கிறவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

கட்டியங்காரன் கூட்டத்தைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனதும் முகவீணை வீறிட்டது. ஆளுக்கொரு முனையாக இருவர் திரையைப் பிடித்தார்கள். ஒரு முனையில் பெரியவர். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால். உள்ளிருந்து கர்ணன் பாட, பெரியவரின் உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது. மடங்காத அந்தக் காலின் குதிகால் ஒரு சாண் இடத்துக்குள்ளேயே அடவு போட்டுக்கொண்டிருந்தது. ஜதி முடிந்த அதே தட்டில் திரையை விலக்கினார். ஒரு தட்டு பிந்தியிருந்தால் கர்ணன் வரவு செத்திருக்கும்.

வீட்டில் இருக்கலாமே என்று இடையில் கேட்டேன்.

"வூட்ல படுத்தா தூக்கம் வரல சார். இங்க மத்தளச் சத்தத்துல நல்லா தூங்குறேன்."

மூணு மணிக்குப் பார்த்தேன். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் உச்சத்தில் தர்க்கம் பண்ணுகிறார்கள். இவர் பெட்டியில் சாய்ந்து குறட்டை. விடிகிற நேரம், குந்தி ஒப்பாரி எடுத்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கர்ணனின் கிரீடத்தைக் கழற்றி வாங்கப் போனார்.

சித்திரை, வைகாசியில் செய்யாறு பக்கம் போனால் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். முதலில் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு.