கமுதி: வெயிலை அறுவடை செய்யும் ஊரில் வெயிலே வில்லன்!

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தெற்கே இறங்கினால், சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலங்காடு. இடையிடையே முண்டு மிளகாய் காயும் களம், கரிமூட்டப் புகை, மழைக்குக் காத்திருக்கும் கண்மாய். ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்க்கும், வெயில் பொய்த்ததே இல்லை!

அந்த வெயிலை அறுவடை செய்யத்தான் 2016-ல் கமுதியில் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், 648 மெகாவாட் திறன். திறக்கப்பட்ட நேரத்தில், ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின் நிலையம் இதுதான்.

ஆனால், பேனலுக்குச் சோறு போடும் அதே வெயில்தான் அதன் ஆயுளையும் குறைக்கிறது. எப்படி?

பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துத்தான் அளந்து சொல்வார்கள். கோடை மதியத்தில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தொட்டுவிடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை உற்பத்தி குறையும். அதாவது, உச்சி வெயிலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. பேனல் குளிர்ந்தால் இந்த இழப்பு சரியாகிவிடும்.

சரியாகாத சேதங்களும் உண்டு. பகலில் சூட்டில் விரிந்து, இரவில் சுருங்கி, பேனலுக்குள் இருக்கும் சால்டரிங் இணைப்புகள் வருடக்கணக்கில் களைத்து விரிசல் விடும். கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம், புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். ஈரம் உள்ளே கசிந்தால், அந்தப் படலத்திலிருந்து அசிட்டிக் அமிலம் உருவாகும். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். அது செல்லின் மேல் ஓடும் மெல்லிய உலோகக் கோடுகளை அரிக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று, சட்டத்தையும் இணைப்புகளையும் பதம் பார்க்கும்.

அடுத்தது தூசி. பனியில் நனைந்த தூசி, வெயில் ஏறியதும் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். தண்ணீருக்குத் தவிக்கும் பூமியில் 25 லட்சம் பேனல்களை யார் கழுவுவது? அதற்காகவே கமுதியில் ரோபோக்கள் தினமும் வரிசை வரிசையாகத் துடைக்கின்றன. அவற்றுக்கான மின்சாரமும் வெயிலிலிருந்தே கிடைக்கிறது.

பெரிய நிலையத்துக்கு ரோபோ இருக்கிறது. வீட்டு மாடிக்கு?

மும்பை ஐ.ஐ.டி-யும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து, 2013 முதல் நாடு முழுக்கப் பல கட்டங்களாக ஆய்வு செய்தன. வெப்பமான பகுதிகளில் பேனல்கள் வேகமாகத் தேய்வது அதில் தெரியவந்தது. பெரிய நிலையங்களைவிட, கூரைகளில் உள்ள சிறிய அமைப்புகள் அதிகம் தேய்வதும் தெரிந்தது.

'25 வருடம் கழித்தும் 80 சதவிகித உற்பத்தி' என்பதுதான் பேனல்களுக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதம். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைத்தாலும், மீதிப் பணம் குடும்பத்தின் சேமிப்பு அல்லது கடன். பேனல் சீக்கிரம் தேய்ந்தால், போட்ட கணக்கே தப்பிவிடும்.

மாடியில் பேனல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோட்டத்துக்கு இடைவெளி அவசியம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழக் கூடாது. பறவை எச்சத்தை உடனே துடைக்க வேண்டும். அது மறைக்கும் இடம் மட்டும் கொதித்து, செல்லே கருகலாம். சுத்தம் செய்ய ஏற்ற நேரம் அதிகாலை. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் கறை படியும். பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

மாதாமாதம் எத்தனை யூனிட் உற்பத்தியானது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன வருடம் இதே மாதம் வந்ததைவிட நன்றாகக் குறைந்திருந்தால், உத்தரவாத அட்டையைத் தேடி எடுக்க வேண்டிய நேரம் அது!