விட்டுவைத்த வெற்றிடம்

சைனிக்புரியில் தங்கி நுண்துளைப் பொருள்களை ஆய்ந்துவருகிறேன். "துளை என்றாலே குறைதானே?" என்று இளநிலை மாணவர்கள் கேட்பதுண்டு. விடை இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 1971இல் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகம், யுரேனியம் டை ஆக்சைடு தூளை அழுத்தி, ஏறத்தாழ 1700 டிகிரி செல்சியசில் சுட்டு, சிறு வில்லைகளாக்குகிறது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் எரிபவை இவையே.

வில்லையின் கன அளவில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு நுண்துளைகள். பிளவின்போது செனான், கிரிப்டான் வாயுக்கள் பிறக்க, வில்லை வீங்கும். அவ்வீக்கத்தில் ஒரு பகுதியைத் துளைகள் ஏற்கின்றன. அவை இல்லையேல் அழுத்தம் உறைக்குழாயின்மேல் விழும். துளை மிகுந்தாலோ வெப்பக்கடத்தல் குன்றி, நடுப்பகுதியின் வெப்பநிலை ஏறும்.

ஆகவே நண்பர்களே, ஆய்வேட்டில் துளைமையைக் குறைபாடென எழுதுமுன், "எவ்வளவு, எதற்காக?" என்று கேளுங்கள்.