கேன்டீன் போன் மட்டும் தெளிவு

ஜூன் 9, திங்கள்

காலை பத்தே முக்காலுக்கு டிஸ்பேட்ச் அக்கா நேரிலேயே வந்து நின்றார். போனில் சொன்னால் எனக்கு விளங்காதாம், அதனால் நடந்தே வந்துவிட்டாராம். "நாலு வார்த்தை பேசினா ரெண்டுதான் போகுது தம்பி. வண்டி அத்திப்பள்ளியில நிக்குதா ஆனேக்கல்ல நிக்குதான்னே தெரியல. பொம்மசந்திராக்காரன் வேற என்னைத் திட்டுறான்."

எங்கள் சிப்காட் ஆலையில் புகார் மூன்று மொழியில் வரும். தமிழில் 'கட் ஆகுது', கன்னடத்தில் 'கட் ஆக்தா இதெ', தெலுங்கில் 'கட் அவுதோந்தி'. மூன்றிலும் 'கட்' மட்டும் பொது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. லைனே விழுந்துவிடுகிறதா, குரல் துண்டு துண்டாக வருகிறதா, ஒரு பக்கம் மட்டும் ஊமையா? மூன்றும் வேறு வேறு வியாதி. அக்காவைக் கேட்டேன். "லைன் இருக்கு. ஆள் ரயில்ல போற மாதிரி விட்டு விட்டு வர்றான்." அப்படியென்றால் குரல் பாக்கெட்டுகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

ஓசூரில் எந்தப் போன் கோளாறுக்கும் ஒரு ரெடிமேட் காரணம் உண்டு: 'பார்டர் சார்'. ஜூஜூவாடிப் பக்கம் போனாலே செல்போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும் என்பது நிஜம்தான். ஆனால் எங்கள் மேசைப் போன்கள் ஒயரில் தொங்குகின்றன. அவற்றுக்கு எல்லையும் கிடையாது, டவரும் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

நெட்தான் ஸ்லோ என்று மேனேஜர் சார் தீர்ப்பு எழுதிவிட்டார். சரி, அதையே முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு பேச்சு ஒரு திசையில் வினாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 20 மில்லிசெகண்ட் குரல். இந்தியாவில் வழக்கமான ஜி.711 முறையில் குரல் 64 கிலோபிட், தலைப்புச் சுமையோடு சேர்த்தால் 80. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2.4 மெகாபிட்தான். ஒரு ஆள் கைப்பேசியில் சினிமா பார்த்தால் இதைவிடக் கூடுதலாக இழுப்பார். வெளி அழைப்புகள் போகும் டிரங்க் முனை வரைக்கும் பிங் விட்டுப் பத்தரை முதல் பன்னிரண்டு வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாக்கெட்கூட விழவில்லை, நேரமும் ஆடவில்லை. அதே ஒன்றரை மணி நேரத்தில் டிஸ்பேட்சிலிருந்து ஆறு புகார்.

லைன் பற்றாக்குறையோ என்று ஒரு சந்தேகம். அதற்கு எர்லாங் கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த டென்மார்க் கணித அறிஞர் எர்லாங். 1909-லேயே இந்த வழியைத் திறந்துவிட்டார். நமக்கு உச்ச மணியில் வெளியே போகிற அழைப்பு 200, சராசரி 3 நிமிடம். அது 10 எர்லாங். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிஸி டோன் கேட்கக் கூடாதென்றால் 18 லைன் போதும். நம்மிடம் இருப்பது 30. தவிர, லைன் போதாவிட்டால் அழைப்பு போகாமல் நிற்கும், குரல் உடையாது. தெரிந்தே அரை மணி நேரத்தை இதில் செலவழித்தேன். சாருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டுமே.

ஜூன் 11, புதன்

இன்று சர்வர். ஆஸ்டெரிஸ்க் ஓடும் பழைய பெட்டி, நாலு கோர். 1999-ல் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், தன் சின்னக் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுதிய மென்பொருள் அது. உலகமெங்கும் எத்தனையோ ஆபீஸ்களில் இன்று மணியடிப்பது அதுதான்.

பதினொரு மணிக்கு 'டாப்' கட்டளை போட்டேன். லோடு ஆவரேஜ் 11. சரிதான், சிபியு செத்துவிட்டது என்று நினைத்தால், உண்மையில் அது வேலை செய்வது நூற்றுக்கு எட்டுதான். 'டபிள்யூ ஏ' என்ற கட்டத்தில் மட்டும் 60-க்கு மேல். சிபியு கையைக் கட்டிக்கொண்டு ஹார்டு டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்கிறது. டிஸ்க்குக்காக நிற்கிறவர்களையும் லினக்ஸ் லோடில் சேர்த்தே எண்ணும். நம் லோடிங் பேயில் நடப்பதும் இதேதான்: ஆட்கள் சும்மா பீடி பிடித்துக்கொண்டு இருப்பார்கள், லாரி வரிசை மட்டும் கேட்டைத் தாண்டி நிற்கும், ஏனென்றால் எடைமேடை ஒன்றுதான்.

மதியம் கேன்டீனில் இன்னொன்று கிடைத்தது. செக்யூரிட்டி ரூமிலிருந்து கேன்டீனுக்குப் பேசுகிறார்கள், குரல் கண்ணாடி மாதிரி. "எங்களுக்கு எப்பவும் நல்லாத்தான் சார் இருக்கு. ரிங் போறதுக்குத்தான் கொஞ்ச நேரம் எடுக்குது" என்றார் மாஸ்டர். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். அந்த இரண்டு போனும் ரெக்கார்டிங் பட்டியலில் இல்லை. இணைத்துவிடுவதோடு சர்வர் விலகிக்கொள்ளும், குரல் போனுக்குப் போன் நேராகப் போய்விடும். டிஸ்பேட்ச், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் மூன்றையும் மே கடைசியில் ஒரு ஆடிட்டுக்காக முழுதாக ரெக்கார்டிங்கில் போட்டோம். அதனால் அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் சர்வர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. ஒரு குரலைப் பதிய வினாடிக்கு 16 கிலோபைட். எங்களுடையது பழைய முறை. பேசுகிற இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாக எழுதி, பேச்சு முடிந்ததும் ஒன்றாகச் சேர்க்கும். முப்பது பேச்சுக்கு அறுபது கோப்பு. மொத்தமாக வினாடிக்கு ஒரு மெகாபைட்கூட இல்லை. ஆனால் 7,200 சுற்று டிஸ்க்கின் ஊசி, இடம் விட்டு இடம் தாவி எழுதுவது வினாடிக்கு சுமார் நூறு தடவைதான். கோப்பு அறுபது, கூடவே அழைப்புக் கணக்கு டேட்டாபேஸ், கூடவே லாக். எல்லாமே ஒரே டிஸ்க்கில். பதிவு அந்த வரிசையில் நின்றால் குரலும் கூடவே நிற்கிறது.

சாரிடம் ஒரு மணி நேர அனுமதி வாங்கி ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். குரல் தேறியது. ஆனால் 'டபிள்யூ ஏ' 20-க்குக் கீழே இறங்க மறுத்தது. பதிவே நின்ற பிறகு யார் எழுதுகிறார்கள்?

லாக் கோப்பு 61 ஜிபி. கடைசி சில வரிகளைத் திறந்தால் திரையில் எழுத்து அருவி. அழைப்பை இணைக்கும் ஒவ்வொரு சிப் (SIP) செய்தியும் தலை முதல் கால் வரை அச்சாகிக்கொண்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் நம் ஆட்களுடையதே அல்ல. எங்கிருந்தோ ஒரு ரோபோ 100, 101, 102 என்று வரிசையாக எக்ஸ்டென்ஷன் கதவைத் தட்டிப் பார்க்கிறது. சிப்புக்கான 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் இந்தக் கூட்டம் தேடி வந்துவிடும். அது தட்டுவதும், நாம் 'கிடையாது' என்பதும், எல்லாம் வரிக்கு வரி டிஸ்க்கில்.

இப்படி எல்லாவற்றையும் எழுதவைப்பது சிப் டீபக். அதை யார் ஆன் செய்தது? மாற்றக் குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினேன். 'மார்ச் 22, சனி. ஒரு பக்கம் கேட்கவில்லை எனப் புகார். சிப் டீபக் ஆன்.' என் கையெழுத்து. அடுத்த வரியில் கோளாறு சரியானது என்று இருக்கிறது. ஆஃப் செய்ததாக எந்த வரியும் இல்லை. அதற்குப் பிறகு சர்வரை யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தால் டீபக் தானாகப் போயிருக்கும், காரணம் கடைசி வரை தெரிந்திருக்காது. இப்படித் தெரியாமலே போனவை எத்தனையோ.

ஜூன் 14, சனி

டீபக் ஆஃப். லாக் தினமும் புதுக் கோப்புக்கு மாறும். 5060 இனி டிரங்க் முகவரிக்கும் கிருஷ்ணகிரி கிளைக்கும் மட்டும் திறக்கும். பேச்சு நடக்கும்போது பதிவு மெமரியிலேயே இருக்கும், முடிந்த பிறகுதான் டிஸ்க்குக்குப் போகும். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் அந்த நேரத்துப் பேச்சுகள் போய்விடும் என்பதைச் சாரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன். எஸ்எஸ்டிக்கு இண்டென்ட் போட்டாயிற்று, எப்போது வருமோ.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். முதலில் 'டிஸ்க் ஓவர்லோட்' என்று எழுதினேன். அது பொய்யும் அல்ல. டீ குடித்துவிட்டு வந்து அழித்தேன். மார்ச் 22 தேதியையும் என் பெயரையும் போட்டேன். சார் படித்தார், கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வாய் திறந்து திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 16, திங்கள்

பதினொன்றே கால். லோடு 0.4. மேசைப் போன் அடித்தது, டிஸ்பேட்ச் அக்கா.

"கேக்குதா தம்பி?"

"நல்லாக் கேக்குதுக்கா."

"எனக்கும்தான். இப்ப டிரைவர் அத்திப்பள்ளி தாண்டிட்டேன்னு சொல்றான். பின்னாடி 'கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம்'னு கண்டக்டர் கத்துறது அப்படியே கேக்குது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு நிக்கிறான் பாவி. வெச்சிடு, அவனைப் புடிக்கணும்."