விதை கொடுத்தார்கள், நிலம்?

‘இளைஞர் அபிவிருத்தி’ என்னும் சொற்றொடர் எங்கள் மலைகளுக்கு மிகவும் பிந்தியே வந்து சேர்ந்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக, இளைஞன் என்று ஒருவன் தோட்டத்தில் இருந்ததாகவே துரைமாரின் கணக்குப் புத்தகங்கள் அறியமாட்டா. அங்கே பிள்ளை உண்டு, ‘பேர்’ உண்டு, வயோதிபம் உண்டு. பிள்ளை மடுவத்திலிருந்து பிரட்டுக்களத்திற்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. அந்த வழியில் நின்று இளைப்பாறி, ‘நான் யார், எனக்கு என்ன வேண்டும்?’ என்று சிந்திக்கும் ஒரு பருவத்திற்கு இடம் விடப்படவில்லை.

நான் பிறந்ததும், பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் பார்த்ததும் இறக்குவானைப் பகுதியில். சிங்களத்தில் றக்வான என்பர். எங்கள் முன்னோர் நாவில் அது இறக்குவானை ஆயிற்று. இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, கஹவத்தை, மாதம்பை வழியாக வந்து, பின் சூரியகந்தை ஏறித் தெனியாயவுக்குச் செல்லும் பாதையில் உள்ள சிறு பட்டினம். மேலே தேயிலை, கீழே றப்பர், இடையிலே மாணிக்கக் குழிகள். மலையகம் என்றதும் நண்பர்கள் ஹட்டனையும் நுவரெலியாவையும் நினைக்கிறார்கள். தலைவர்கள் பிறப்பதும் அங்கே, மாநாடுகள் நடப்பதும் அங்கே. சப்பிரகமுவையின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே தீவு தீவாகச் சிதறிக் கிடப்பவை. எங்கள் வாக்குகளை ஒன்று சேர்த்தாலும் ஒருவரையும் பயமுறுத்த முடியாது. ஆகவே எங்களைத் தேடி வருபவரும் குறைவு.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்தார் என்னை ஒரு கூட்டத்திற்கு அழைத்தார்கள். சொற்பொழிவாற்ற அன்று. மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. அந்தச் செய்தி எங்கள் பக்கத்துத் தபாற்பைக்குள் முழுமையாக ஏறவில்லை போலும்.

நாடு முழுவதற்குமான ஓர் இளைஞர் திட்டத்தின் அறிக்கை அது. தலைமைத்துவப் பயிற்சி, விளையாட்டுப் போட்டி, இரத்ததானம், சிரமதானம், கலை விழா, பாசறை என்று வரிசையாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில், ஒவ்வோர் அங்கத்தவரும் தமது வீட்டு நிலத்தில் மரக்கறித் தோட்டம் ஒன்றை அமைத்தல் வேண்டும், விதைப் பொதிகள் இலவசமாக வழங்கப்படும், சிறந்த தோட்டத்திற்குப் பரிசும் சான்றிதழும் உண்டு என்றிருந்தது. நான் வாசித்து முடித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவள். தாய் கொழுந்து பறிப்பவள்.

“எந்த நெலத்துல சேர் போடுறது?”

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் வீடு லயத்தின் நடுக் காம்பிரா. முன்னே ஓர் இஸ்தோப்பு, அதற்கப்பால் கான், கானுக்கப்பால் தேயிலை. பின்பக்கம் அடுத்த வரிசைக் காம்பிராவின் சுவர்.

இந்தக் கேள்வியின் வயதை நான் பின்னர் எண்ணிப் பார்த்தேன். இளைஞரை விதையும் மண்வெட்டியும் கொண்டு வளர்க்கும் யோசனை எங்கிருந்து வந்தது? 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி குடியானவச் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு கழகம் அமைத்தார். தென்மாநிலங்களில் சோளக் கழகங்கள் எழுந்தன. நல்ல விதையைக் கையிலே கொடுத்து, தகப்பனின் வயலில் ஓர் ஏக்கரைப் பிள்ளைக்கு ஒதுக்கச் சொல்வார்கள். பிள்ளையின் ஏக்கர் தகப்பனின் ஏக்கரைவிட அதிகம் விளையும். அதைப் பார்த்துத் தகப்பனும் புதுமுறைக்குத் திரும்புவான். இதுவே அதன் சூட்சுமம். தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்தைக் கொண்டு ‘போர்-எச்’ எனப் பெயர் பெற்ற அந்த இயக்கம், 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தின் பின் அரசாங்கத்தின் அரவணைப்பில் மாநிலம் தோறும் பரவிற்று. அதன் சாயலில் எத்தனையோ தேசங்கள் தத்தமக்குக் கழகங்கள் அமைத்துக்கொண்டன. இலங்கையின் விவசாயத் திணைக்களமும் இளம் விவசாயிகள் கழகங்களை நடத்தியது.

எல்லாம் நல்லதே. ஆனால் அந்த யோசனையின் அடியிலே ஒரு வார்த்தை சொல்லாமலே கிடக்கிறது: தகப்பனின் வயல். அது இருப்பவனுக்குத்தான் விதை. அமெரிக்கத் தெற்கிலேயே, பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத கறுப்பர்களின் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரும்வரை அங்கே அந்தக் கழகங்களும் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று எனப் பிரிந்தே இருந்தன.

எங்கள் மலையடிவாரத்துக் கிராமத்தைப் பாருங்கள். அங்கே சிங்கள இளைஞனுக்கு அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ தேயிலை உண்டு. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு, நூற்றுக்கு எழுபதுக்கும் மேல், அத்தகைய சிற்றுடைமையாளரின் கொழுந்துதான். அவனுக்கு மானியம் உண்டு, உரம் உண்டு, ஆலோசகர் உண்டு. மலையை வெட்டி, கல்லுருட்டி, கன்று நட்டவனின் கொள்ளுப்பேரன் அந்த அரை ஏக்கரில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறான். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் துரைமாரின் கம்பெனிகளிடமிருந்து தோட்டங்களை எடுத்தது. எடுத்த நிலத்தில் தொழிலாளிக்கென்று ஒரு வரப்பும் விழவில்லை. 1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. இப்போது புது வீடு கிடைக்கும் சிலருக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வீடுகள் இன்னும் வரவில்லை.

இதைச் சொல்வதால் கிராமத்து இளைஞன்மீது எனக்குப் பொறாமை என்று யாரும் எண்ணவேண்டா. அவனுடைய அரை ஏக்கரும் அவனைக் காப்பாற்றவில்லை. 1971 ஏப்ரலில் கேகாலையிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் கையிற் கிடைத்த துவக்குகளுடன் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள், ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். படித்து வேலையற்றுத் திரிந்த குடியானவப் பிள்ளைகள். அவர்களுக்கு நடத்தப்பட்ட ஐந்து வகுப்புக்களில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. அதிலே தோட்டத் தொழிலாளி, இந்திய முதலாளித்துவம் இந்நாட்டில் ஊன்றிய கால் எனச் சித்திரிக்கப்பட்டான். கூலிக்காரனைக் கூலிக்காரன் என்று காண ஒரு புரட்சிக்கும் கண் போதவில்லை! எங்கள் தகப்பன்மார் அந்த மாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் பயந்து லயக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அதற்குப் பிறகே ஆட்சியாளர் கண்ணுக்கு இளைஞன் பெரிதாகத் தென்படலானான். 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைந்தது. நாடெங்கும் இளைஞர் கழகங்கள், தொழிற்பயிற்சிகள், ‘யொவுன் புர’ என்னும் பெரும் பாசறைகள். 1987-89 காலத்தில் மீண்டும் தெற்கு இரத்தத்தில் மூழ்கியது; இளைஞர் அமைதியின்மையை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை வெளியிட்டது. ஆங்கிலத்திற்குச் சிங்கள இளைஞர் ‘கடுவ’, அதாவது வாள், என்று பெயர் வைத்திருந்த காலம் அது. நான் என் மாணவரிடம் சொல்வதுண்டு: உங்கள் தலைக்கு மேலே இரண்டு கடுவ தொங்குகிறது, ஒன்று ஆங்கிலம், மற்றது சிங்களம். பரிகாசமாகச் சொன்னேன், அவர்கள் அதைக் குறிப்பெழுதிக்கொண்டார்கள்.

மன்றத்தின் பணிகளை நான் இகழவில்லை. கூச்சத்தால் வாய் திறவாத பையன் மேடையேறிப் பாடியதைக் கண்டிருக்கிறேன். பாசறைக்குப் போய்வந்த பெண் முதன்முதலாகத் தன் பெயரைச் சிங்களத்திலும் எழுதி எனக்குக் காட்டினாள். ஆனால் தோட்டத்து வாலிபனுக்கு ‘அபிவிருத்தி’ தொடங்குமுன் அவனை ஒரு நாட்டவன் என்று யாரேனும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை, 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்தே கடைசி மனிதருக்கும் திருப்பித் தந்தது. பிரதேச சபை தோட்டத்துப் பாதைக்கு ஒரு கல் போடுவதற்கும் 1987ஆம் ஆண்டின் சட்டம் தடையாக நின்றது. அது திருந்தியது 2018இல்.

அரசாங்கம் எங்களைக் கண்டுபிடிக்குமுன் நாங்கள் எங்களைக் கண்டுபிடிக்க முயன்ற ஒரு காலமும் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டந்தோறும் வாலிபர் சங்கங்கள் முளைத்தன. இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் ஒரு பக்கம். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் படித்த தோட்டத்துப் பிள்ளைகளிடம் மூட்டிய கனல் இன்னொரு பக்கம். அந்தக் காற்று எங்கள் பக்கத்துக்கும் சற்றே வீசியது. எங்கள் தோட்டத்தில் பாழடைந்த ஒரு காம்பிராவைச் சாணமிட்டு மெழுகி வாசிகசாலை வைத்தார்கள். நான் அப்போது சிறுவன்; மாலையில் விளக்கு ஏற்றும் வேலை எனக்கு. ஒரு மாதம் பிந்தி வரும் சஞ்சிகைகளைப் பெரியவர் ஒருவர் உரக்க வாசிப்பார். வாசிக்கத் தெரியாத பெண்கள் வாசலில் கூடையுடன் நின்று கேட்பார்கள். மாசி மாதத்தில் அதே வாலிபர் காமன் கூத்து ஆடுவார்கள். பகுத்தறிவுக்காரர் சிலர் அதைக் கண்டித்தார்கள். ஆனால் கண்டித்தவரே தப்பு அடிக்கவும் வந்துவிடுவார்.

அந்தச் சங்கம் என்ன ஆயிற்று? செயலாளர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் கப்பலேறி நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென அமைத்த அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிற்குப் போய்ச் சேர்ந்தார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்த கணக்கில் அவர் ஒரு புள்ளி. பொருளாளர் 1981 ஓகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத்து லயங்களில் தீ வைக்கப்பட்ட நாட்களில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியாப் பக்கம் போனார். பின்னர் கடிதம் வரவில்லை. புத்தகங்களைக் காத்தவன் கொழும்பில் ஒரு கடைக்குச் சிப்பந்தியானான். இளைஞர் மன்றம் சட்டமாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன அப்போது. வாசிகசாலை இருந்த காம்பிராவில் இன்று உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக உயர, முன்பைவிடக் கூடுதல் கிலோ கேட்டுத் தாயை நெருக்கினார்கள் என்பது தெரியும். மாணிக்கக் குழியில் இறங்கினால் சில நாள் கூலி, சில நாள் ‘இல்லம்’ கழுவியும் வெறுங்கை என்பது தெரியும். பத்தாம் வகுப்போடு கொழும்புக்குப் போனவன் புதுக் கைத்தொலைபேசியுடன் தீபாவளிக்கு வருவதும் தெரியும். இவற்றையெல்லாம் விட்டுக் கழகத்துக்கு வருகிறார்கள் என்றால் அது சான்றிதழுக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை.

“எந்த நெலத்துல?” என்ற கேள்வியை அன்று நாங்கள் விடவில்லை. தோட்டத்தில் ஐந்தாம் நம்பர் மலை பல வருடங்களாகக் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. கிழட்டு றப்பர் மரங்களை வெட்டியபின் ஒன்றும் நடவில்லை, காடு ஏறிவிட்டது. அதிலே கால் ஏக்கர் கேட்டு நிர்வாகத்திற்கு மனு எழுதுவதென்று முடிவாயிற்று. நான் சிங்களத்தில் எழுதுகிறேன் என்றேன். அந்தப் பெண் மறுத்துவிட்டாள். கீழ்க் கிராமத்துக் கழகத் தலைவனிடம் கேட்போம் என்றாள். அவன் பஸ் நிலையத்தில் பழக்கமாம். அவன் வந்தான். மனுவை வாசித்தான். இரண்டு வாக்கியங்களைத் திருத்தினான். பின்னர், எதிர்பாராத வகையில், தன் கழகத்தின் முத்திரையையும் கீழே குத்தினான். ‘எங்கள் இடத்திலும் காணியில்லாதவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?’ என்று கேட்டான். எங்கள் பையன்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம் மலையை அவர்களுக்கும் பங்கு வைப்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை. வாக்கெடுப்பில் நான்கு வாக்கு வித்தியாசத்தில் சேர்த்துக்கொள்வதென்றாயிற்று.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாய்மொழியாக. கணக்கப்பிள்ளை கூப்பிட்டுச் சொன்னார்: ஒரு போகத்துக்கு மட்டும், மரக்கறி மட்டும், எந்தக் காரணங்கொண்டும் மரம் வைக்கக் கூடாது. மிளகாய்க்கு ஆட்சேபம் இல்லை, பலாவுக்கு உண்டு! மரம் என்றால் வேர் உண்டு, வேர் என்றால் வழக்கு உண்டு என்பது நிர்வாகத்தாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காடு வெட்டினார்கள். இருபது பேர் என்று தொடங்கி, அட்டைக்கடியில் பதினைந்தாகி, பின் முப்பதானார்கள். போஞ்சியும் கத்தரியும் தேறின. மரவள்ளியைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டது. இரவுக்காவலுக்குக் கிராமத்துப் பையனும் தோட்டத்துப் பையனும் ஒன்றாகப் போகவேண்டும் என்று ஒரு விதி செய்திருக்கிறார்கள். காவலில் பேசிப் பேசி இப்போது எங்கள் பிள்ளைகளின் சிங்களம் என் சிங்களத்தைவிட நன்றாக இருக்கிறது; கிராமத்துப் பையன்களும் தமிழில் வைய அழகாகப் பழகிவிட்டார்கள்.

போன மாதம் போட்டிக்கான படிவம் வந்தது. அங்கத்தவர் பெயர், பயிர், விளைச்சல் எல்லாம் எழுதினோம். ‘காணியின் உரிமையாளர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கம்பெனியின் பெயரை எழுதினால் பரிசு அவர்களுக்கா என்று ஒருவன் கேட்டான். அரசாங்கம் என்று எழுதச் சொன்னான் இன்னொருவன். கழகத்தின் பெயரையே எழுது என்றாள் அந்தப் பெண். கிராமத்துத் தலைவன் பேனாவை வாங்கிக் கீழே வைத்தான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டே அனுப்பியிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காரியாலயத்துக்கு வரும்படி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். இரு கழகத்தாரும் போகிறார்கள்.