பரங்கிமலையில் பரங்கிக்காய் விளைந்ததா?

"பாட்டி, இந்த மலைக்கு ஏன் பரங்கிமலைன்னு பேரு?"

"அந்தக் காலத்துல மலை பூரா பரங்கிக்கொடியா படர்ந்து கிடந்துச்சுடா. ஒருநாள் பேய்மழை. காயெல்லாம் உருண்டு கீழே ஓடிடுச்சு. அதையெல்லாம் பொறுக்கி அல்வா கிண்டுன இடம்தான் கிண்டி!"

பரங்கிமலைப் படிக்கட்டில், எனக்கு நாலு படி முன்னால் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த பாட்டி தன் பேரனுக்குச் சொன்ன கதை இது. என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

"என்ன தம்பி, நம்பலையா?" என்று திரும்பினார் பாட்டி.

இப்படிப்பட்ட கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு. 'ஜனங்களுக்கு நல்லது செய்வதால் அது ஜன்னல்' என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருநாள் போட்டார். ஏகப்பட்ட கைதட்டல்! 'போர்ச்சுகீசியர்களின் ஜனேலாதான் நம்ம ஜன்னல். சாவி, அலமாரிகூட அவர்கள் விட்டுப்போன வார்த்தைகள்தான்' என்று நான் பதில் போட்டேன். ஒருவரும் கைதட்டவில்லை.

அதே போர்ச்சுகீசியர்கள்தான் இந்த மலைக்கதையிலும் வருகிறார்கள். இயேசுவின் சீடர் தோமையார் இங்கே உயிர்நீத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. மலையுச்சியில் இருக்கும் மாதா கோயிலை 1523-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டினார்கள். ஐரோப்பாவின் ஃபிராங்க் இனத்தாரை வைத்து, ஐரோப்பியர்களையே 'ஃபராங்கி' என்று அழைத்தார்கள் அரேபியர்களும் பாரசீகர்களும். அந்தச் சொல் நம் வாயில் 'பரங்கி' ஆனது. பரங்கியர் மலை, பரங்கிமலை. அவ்வளவுதான்!

உச்சியில், காற்று வாங்கியபடி இதைச் சொன்னேன். கீழே மீனம்பாக்கம் ஓடுபாதையில் இறங்கும் விமானங்களைப் பேரன் எண்ணிக்கொண்டிருந்தான். பாட்டி விடவில்லை.

"அப்போ பரங்கிக்காய்?"

"அதுக்கும் அவங்க பேருதான் பாட்டி. அது அமெரிக்கக் கண்டத்துக் காய். ஐரோப்பியர்கள் மூலமாத்தான் இங்க வந்துச்சு."

"அப்படின்னா நான் சொன்னதுல பாதி சரி. மலையும் காயும் சொந்தக்காரங்கதானே!"

மறுக்க முடியவில்லை.

"எங்க பழவந்தாங்கலுக்கும் ஒரு கதை வெச்சிருக்கேன். மேலருந்து விழுந்த பழத்தை ஒருத்தர் தாங்கிப் பிடிச்ச ஊரு" என்றார், அடுத்த ரயில் நிலையம் இருக்கும் திசையைக் காட்டி.

"தாங்கல்னா சின்ன ஏரி பாட்டி. மழைத்தண்ணி தேங்குற இடம். பறவைங்க வர்ற வேடந்தாங்கலும் ஏரிதானே?"

பாட்டியின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"2015 மழையில வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி தம்பி. கல்யாண ஆல்பம், இவங்க அம்மா சர்டிபிகேட்டு, எல்லாம் ஊறிப்போச்சு. வீடு வாங்கறப்ப வாஸ்து பார்த்தோம், பத்திரம் பார்த்தோம். ஊர்ப் பேருக்கு என்ன அர்த்தம்னு பார்க்கலையே!"

எனக்கும் சிரிப்பு போய்விட்டது. சென்னையைச் சுற்றி ஏரி, குளம், தாங்கல் என்று எத்தனையோ ஊர்ப் பெயர்கள். பல இடங்களில் தண்ணீர் போய் வீடுகள் வந்துவிட்டன. பெயர் மட்டும் பழைய விலாசத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம்தான் அதற்கு வேறு கதை கட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நீங்களும் ஒரு மாலையில் போய் வாருங்கள். மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் பரங்கிமலையில் நிற்கும். படி ஏற முடியாதவர்களுக்கு உச்சி வரை சாலை இருக்கிறது.

இறங்கும்போது பேரன் கேட்டான்: "அப்போ கிண்டி அல்வாவும் பொய்யா பாட்டி?"

பாட்டி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"அது மட்டும் நிஜம்டா கண்ணு!"